ஃபைபர் வராத ஊரில் வீட்டு இணையம்: சிம் ரவுட்டரா, பாக்கெட் ஹாட்ஸ்பாட்டா, 5ஜியா?

#1 மலையடிவாரம்
மார்ச் 7, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கணக்கு டியூஷன் டீச்சர். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் மாலை 6 முதல் 9 வரை பாடம் எடுக்கிறேன். சென்னையில் இருந்தவரை இணையத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதால் ஜனவரியில் ஊருக்கே வந்துவிட்டேன். செங்கோட்டைக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் வீடு. ஃபைபர் மெயின் ரோடு வரை வந்திருக்கிறது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு மூன்று கிலோமீட்டர். கேட்டால் "பத்து வீடு சேர்த்துக் கொடுங்கம்மா, இழுக்கலாம்" என்கிறார்கள். தெருவில் இருப்பதே பதினாலு வீடு, அதில் பாதி பூட்டிக் கிடக்கிறது.

இப்போதைக்குப் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் போனைக் கையில் தொட முடிவதில்லை, அப்படிச் சுடுகிறது. ஏழரை மணி தாண்டினால் என் குரல் விட்டு விட்டுத்தான் போகிறதாம். பொதுத்தேர்வு நேரம் வேறு. நேற்று வகையீட்டுக் கணக்கு ஒன்றை முடிக்கும்போது கடைசி இரண்டு வரி ஒரு பையனுக்குப் போகவே இல்லை. அவன் பாதிக் கணக்கை நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பி "மிஸ், இதுக்கப்புறம் என்ன?" என்று கேட்டிருந்தான். அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

நான் கேட்க நினைப்பது இதுதான். லேப்டாப்பில் சொருகுகிற யுஎஸ்பி டாங்கிள், பேட்டரி உள்ள பாக்கெட் ஹாட்ஸ்பாட், சிம் போடுகிற ரவுட்டர், இந்த மூன்றில் எது எனக்குச் சரி? 5ஜி ரவுட்டருக்கே போய்விடலாமா? அம்மாவை மாதம் இரண்டு முறை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், மாலை வரை அங்கேயே இருக்க வேண்டியிருக்கும். அங்கும் இதே கருவியைக் கொண்டுபோக முடியுமா? எட்டாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும்.


#2 கடைத்தெரு
மார்ச் 7, இரவு 10:40

மேடம், மதுரையில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். இன்றைக்கு வாங்குவதென்றால் 5ஜிதான் வாங்கணும். 4ஜி வாங்கினால் இரண்டு வருஷத்தில் மறுபடி மாற்ற வேண்டிவரும். பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், ஒரே செலவாகப் போகும்.


#3 கோபுரவேலை
மார்ச் 8, காலை 6:05

டீச்சர், எதையும் வாங்காதீங்க. ஒரு நாலு நாள் பொறுங்க.

நான் பதினாலு வருஷமா டவர் மேல ஏறி ஆண்டெனா கட்டுற வேலை பாக்குறேன், நம்ம பக்கத்து ஆளுதான். உங்க ஊரு எப்படிப்பட்ட இடம்னு தெரியும். மேற்கே மலை சுவர் மாதிரி நிக்கும். டவர் எல்லாம் கிழக்கே, ரோட்டுப் பக்கம். புளியரை ஏத்தத்துல போனா சில இடத்துல போன் கேரளா டவரைப் பிடிக்கும். இந்த மாதிரி இடத்துல எந்தக் கருவி வாங்குறோம்ங்கிறது ரெண்டாவது. வீட்டுல அதை எங்க வைக்கிறோம்ங்கிறதுதான் முதல்ல. அம்பதாயிரம் ரூபாய் ரவுட்டரை ஹால்ல டிவிக்குப் பின்னால வச்சா, மொட்டை மாடியில வச்ச ரெண்டாயிரம் ரூபாய் ரவுட்டர்கிட்ட தோத்துப் போகும்.

அதனால முதல்ல அளந்து பாருங்க. ஆண்ட்ராய்டு போன்ல டயல் பண்ற இடத்துல *#*#4636#*#* அடிச்சா நிறைய மாடல்ல ஒரு மெனு வரும். வரலைன்னா செல் விவரம் காட்டுற இலவச ஆப் நிறைய இருக்கு, ஒண்ணு போட்டுக்கோங்க. போன்ல தெரியுற கோட்டை நம்பாதீங்க, ஒவ்வொரு கம்பெனி போனும் அதை ஒவ்வொரு மாதிரி போடும். ரெண்டு நம்பர் மட்டும் பாருங்க.

ஒண்ணு ஆர்எஸ்ஆர்பி. டவர்ல இருந்து வர்ற சிக்னலோட பலம். மைனஸ்ல இருக்கும். -80 பக்கம் இருந்தா அருமை, -100 சுமார், -110ஐத் தாண்டுனா கஷ்டம். மூணு டெசிபல் கூடுனா பலம் ரெண்டு மடங்கு, பத்து டெசிபல்னா பத்து மடங்கு. அதனால -110க்கும் -100க்கும் சின்ன வித்தியாசம்தானேன்னு நினைச்சுடாதீங்க.

இன்னொண்ணு எஸ்ஐஎன்ஆர். சந்தைக்குள்ள நின்னு ஒருத்தர் பேசுறதைக் கேக்குறோம்னு வச்சுக்கோங்க. அவரு குரல் எவ்வளவு சத்தம்ங்கிறது ஆர்எஸ்ஆர்பி. சுத்தி இருக்குற இரைச்சலை மீறி எவ்வளவு தெளிவாக் கேக்குதுங்கிறது எஸ்ஐஎன்ஆர். 20க்கு மேல பிரமாதம், 13க்கு மேல நல்லது, சைபருக்குக் கீழ போனா ஒண்ணும் நடக்காது.

ஹால், அடுப்படி, மாடிப்படி ரூம், மொட்டை மாடி, நாலு இடத்துலயும் எடுங்க. ஒரு தடவை காலையில ஆறு மணிக்கு, ஒரு தடவை ராத்திரி எட்டு மணிக்கு. கூடவே ஸ்பீடு டெஸ்ட், எந்த பேண்டு, அதாவது எந்த அலைவரிசைங்கிறது, ரெண்டையும் குறிச்சுக்கோங்க. வீட்டுல வேற கம்பெனி சிம் யாருகிட்டயாவது இருந்தா அதையும் போட்டு எடுங்க. இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.


#4 வழிப்போக்கன்
மார்ச் 8, மதியம் 1:22

மருந்து கம்பெனி ரெப்பாக ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். பாக்கெட் ஹாட்ஸ்பாட் மூன்று வைத்திருந்தேன், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பையில் போட்டுக்கொண்டு போக அதைவிட வசதியானது இல்லை. போன் பேட்டரி மிச்சம், லேப்டாப்பும் டேப்லெட்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் வீட்டில் 24 மணி நேரமும் சார்ஜரில் சொருகியே வைத்திருக்க அது லாயக்கில்லை. நான் அப்படித்தான் எட்டு மாதம் வைத்தேன். ஒரு நாள் மேசையில் வைத்தால் ஆடியது. என்னவென்று திருப்பிப் பார்த்தால் பின்மூடி நடுவில் கும்மென்று எழும்பியிருந்தது. விரல் நகத்தால் மூடியை நெம்பியதும் அது தானாகத் துள்ளித் திறந்துகொண்டது, உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரி எப்போதும் நூறு சதவீதத்தில், சூட்டிலேயே கிடந்தால் இப்படித்தான் ஆகும். அப்படி உப்பியதை அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. அன்று மண் நிரப்பிய பூந்தொட்டியில் வைத்து வெளியே கொண்டுபோய், மறுநாள் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன்.

தவிர, இவற்றின் உள்ளே இருக்கும் ஆண்டெனா தீப்பெட்டி அளவுதான். மலையடிவாரத்தில் அது தாக்குப்பிடிக்காது. வீட்டுக்கும் பயணத்துக்கும் ஒரே கருவி என்ற யோசனையை விட்டுவிடுங்கள் சகோதரி. மாதம் இரண்டு நாளுக்கு உங்கள் போனே போதும். ஆனால் வைஃபை ஹாட்ஸ்பாட் போடாமல் யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து டெதரிங் போடுங்கள். சூடு குறையும், பேட்டரியும் ஏறிக்கொண்டே இருக்கும்.


#5 மலையடிவாரம்
மார்ச் 11, இரவு 9:35

கோபுரவேலை அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி நான்கு நாள் அளந்தேன். அம்மா கட்டிலில் இருந்தே "ராத்திரியில மாடியில என்னத்தத் தேடுற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

என் சிம்மில்: ஹாலில் -112, எஸ்ஐஎன்ஆர் 1. அடுப்படியில் -108, 4. மாடிப்படி அறையில் கிழக்கு ஜன்னலோரம் -97, 11. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் -89, 17. ஹாலில் பேண்ட் 5 என்று காட்டுகிறது, மாடியில் பேண்ட் 40. காலை ஆறு மணிக்கு மாடியில் டவுன்லோட் 38 எம்பிபிஎஸ், அப்லோட் 9. ஆனால் அதே இடத்தில் இரவு எட்டு மணிக்கு டவுன்லோட் 5, அப்லோட் 2 தான்! ஆர்எஸ்ஆர்பி மாறவே இல்லை, அதே -89.

அம்மாவின் போனில் இருப்பது வேறு கம்பெனி சிம். அதில் மாடியில் -94, எஸ்ஐஎன்ஆர் 14, பேண்ட் 3. என் சிம்மைவிடச் சிக்னல் குறைவு. ஆனால் இரவு எட்டு மணிக்கு டவுன்லோட் 21, அப்லோட் 8 வருகிறது. ஒரு நாள் தற்செயலாக வந்திருக்கும் என்று மூன்று இரவும் பார்த்தேன், கிட்டத்தட்ட அதேதான். இது எப்படி?


#6 கோபுரவேலை
மார்ச் 12, காலை 5:50

டீச்சர்னா டீச்சர்தான், அளந்த விதமே சொல்லுது.

சிக்னல் பலம் மாறாம ஸ்பீடு மட்டும் விழுந்தா அது நெரிசல். டவர்ல இருந்து உங்க வீட்டுக்கு ரோடு நல்லாத்தான் இருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு வண்டி ஜாஸ்தி. அந்த நேரம் ஊரே போன்ல படம் பாக்கும். இதை எந்த ரவுட்டரும் எந்த ஆண்டெனாவும் முழுசா சரி பண்ணாது. உங்க அம்மா சிம் கம்பெனி டவர்ல கூட்டம் கம்மி, அவ்வளவுதான். அந்த சிம்முக்கே மாறிடுங்க. ஆனா உடனே நம்பரை போர்ட் பண்ண வேண்டாம். புதுசா ஒரு ப்ரீபெய்டு சிம் எடுத்து ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பேண்டு பத்தியும் சொல்லிடுறேன். பேண்ட் 5ன்னா 850 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 8ன்னா 900. இது சுவரை ஊடுருவும், தோப்பு, மேடு பள்ளத்தைத் தாண்டி வரும். ஆனா அதுல கம்பெனிகள்கிட்ட இருக்குற அலைவரிசை கொஞ்சம், ஒத்தையடிப் பாதை மாதிரி. பேண்ட் 40ங்கிறது 2300. பாதை அகலம், ஆனா சுவர் பட்டாலே செத்துரும். அதான் ஹால்ல 5, மாடியில 40. பேண்ட் 3, அதாவது 1800, ரெண்டுக்கும் நடுவுல. பிஎஸ்என்எல் 4ஜி எடுக்கிறவங்க பேண்ட் 28 இருக்கான்னும் பாத்துக்கணும், அவங்க 700ல விடுறாங்க. பழைய ரவுட்டர் சிலதுல அது இருக்காது.


#7 வலைக்கயிறு
மார்ச் 12, மாலை 4:18

நெட்வொர்க் துறையில் வேலை செய்கிறேன். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் "300 எம்பிபிஎஸ்" பல நேரம் வைஃபை வேகம், 4ஜி வேகம் அல்ல. உள்ளே இருக்கும் மோடம் எந்த எல்டிஇ (அதாவது 4ஜி) கேட்டகரி என்று பாருங்கள். கேட் 4 என்றால் ஏட்டளவில் 150 டவுன்லோட், 50 அப்லோட். ஒரு நேரத்தில் ஒரு பேண்டில் மட்டும்தான் பேசும். கேட் 6 என்றால் 300. இங்கே வேகத்தைவிட முக்கியம், அது இரண்டு பேண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும். ஒரு பேண்ட் நெரிசலில் திணறினாலும் மற்றது கை கொடுக்கும். பாக்கெட் ஹாட்ஸ்பாட்டில் பெரும்பாலானவை கேட் 4 தான். டிபி-லிங்க்கில் எம்ஆர்6400 கேட் 4, எம்ஆர்600 கேட் 6. இரண்டிலும் பின்னால் உள்ள ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு எஸ்எம்ஏ என்ற திருகு இணைப்பில் வெளி ஆண்டெனா மாட்டலாம். உங்களுக்கு அது தேவைப்படும்.

அடுத்தது, பூட்டு. மொபைல் கம்பெனிகள் தங்கள் பெயர் போட்டு விற்கும் கருவிகளில் பல, அந்தக் கம்பெனி சிம்மை மட்டுமே ஏற்கும். உங்கள் கதையில் சிம் மாற்றியதால்தான் பிரச்சினை தீரப்போகிறது. பூட்டிய கருவி வாங்கியிருந்தால் அந்த வழியே அடைபட்டிருக்கும். அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டுவந்து கொடுப்பதையும் யோசித்து வாங்குங்கள். என் மச்சான் கொண்டுவந்த ஒன்றில் பேண்ட் 2, 4, 13, 66 எல்லாம் இருந்தன. நமக்கு வேண்டிய 3, 40 இரண்டும் இல்லை. அலமாரியில் கிடக்கிறது.

டேட்டா கணக்கையும் போட்டுவிடுங்கள். வீடியோ வகுப்பு மணிக்குச் சுமார் ஒரு ஜிபி தின்னும். மூன்று மணி நேரத்துக்கு மூன்று ஜிபி. தினம் 2 ஜிபி என்ற பிளானில் எட்டு மணிக்கே தீர்ந்து, அதன்பின் 64 கேபிபிஎஸ்தான். உங்கள் வகுப்பு இரவில் தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் முகத்தை எப்போதும் காட்ட வேண்டியதில்லை என்றால் கேமராவை நிறுத்திவிட்டு எழுதும் பலகையை மட்டும் பகிருங்கள், பெருமளவு மிச்சமாகும்.

வீட்டில் சிசிடிவி வைத்து வெளியூரில் இருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிம் இணையத்தில் பொதுவாக உங்களுக்கென்று தனி இணைய முகவரி (ஐபிவி4) கிடைக்காது, ஆயிரக்கணக்கானோர் ஒரு முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். வெளியில் இருந்து நேராக உள்ளே வர வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். கேமரா கம்பெனியின் கிளவுட் வழியோ, விபிஎன் வழியோ பார்ப்பதுதான் எளிது.


#8 கடைத்தெரு
மார்ச் 12, இரவு 8:55

நான் அவசரப்பட்டு 5ஜி என்று எழுதிவிட்டேன், டீச்சர் போட்ட அளவைப் பார்த்தபின் எனக்கே அது சரியாகப் படவில்லை. 5ஜி நம் நாட்டில் 2022 அக்டோபர் 1 அன்று வந்தது. டவுனில் எங்கும் இருக்கிறது. ஆனால் வேகமாக ஓடுவது பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான பேண்டில், அதாவது என்78ல். 2300 மெகாஹெர்ட்ஸே சுவரில் செத்துப்போகும் வீட்டில் அது எட்டிப் பார்க்கவே யோசிக்கும். 700ல் ஓடும் என்28 வந்து சேரலாம், ஆனால் அதில் வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

5ஜிதான் வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன். ஜியோ 5ஜி தனித்தே ஓடும் வகை, எஸ்ஏ. ஏர்டெல் 4ஜியைத் துணைக்கு வைத்து ஓடும் வகையில் தொடங்கியது, என்எஸ்ஏ. ரவுட்டரில் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கி, "5ஜியே காட்டலை" என்று கடைக்குத் திரும்ப வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. போனுக்குக் கொடுக்கும் அன்லிமிடெட் 5ஜி ரவுட்டரில் சிம்மைப் போட்டாலும் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம், நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மேடம், கம்பெனிகளே மாடியில் ஒரு பெட்டி மாட்டிக் கொடுக்கும் ஏர்ஃபைபர் உங்கள் பின்கோடுக்கு இருக்கிறதா என்று கேட்டீர்களா? ஜியோ அதை 2023 செப்டம்பரில் தொடங்கியது. மாதம் 1000 ஜிபி வரை தருகிறார்கள். கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.


#9 மலையடிவாரம்
மார்ச் 12, இரவு 9:20

கேட்டேன் சார். "உங்க ஏரியாவுக்கு இன்னும் வரலை" என்று பதில் வந்தது.


#10 ஊர்க்குருவி
மார்ச் 13, காலை 11:02

ஆன்லைனில் 3500 ரூபாய்க்கு மொபைல் சிக்னல் பூஸ்டர் கிடைக்கிறதே? மாடியில் ஒரு ஆண்டெனா, ஹாலில் ஒரு ஆண்டெனா, நடுவில் ஒரு பெட்டி. ஹாலிலேயே ஃபுல் சிக்னல் வரும் என்கிறார்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் மாட்டியிருக்கிறார். அக்கா அதை வாங்கினால் போதுமே?


#11 கோபுரவேலை
மார்ச் 13, மதியம் 12:10

தம்பி, அதை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்.

லைசென்ஸ் இல்லாம அந்தப் பெட்டியை விக்கிறது, வாங்கி வைக்கிறது, ஓட்டுறது மூணுமே நம்ம நாட்டுல குத்தம். தொலைத்தொடர்புத் துறை ஆளுங்க வந்து கழட்டிட்டுப் போயிருக்காங்க, நான் கூடவே நின்னிருக்கேன். சட்டத்தை விடுங்க, அது என்ன பண்ணும்னு சொல்றேன். மலிவுப் பெட்டி சிக்னலோட சேத்து இரைச்சலையும் பெருக்கி டவரைப் பாத்து அடிக்கும். டவரு காதுல யாரோ விடாம விசில் ஊதுற மாதிரி. ஒருத்தர் வீட்டுல ஃபுல் சிக்னல் காட்டும், சுத்தி இருக்குற ஊர்ல யாருக்கும் கால் போகாது. ஒரு தடவை தாலுகா ஆஸ்பத்திரிப் பக்கமே ஆம்புலன்சைக் கூப்பிட முடியலைன்னு புகார் வந்து, மூணு நாள் அலைஞ்சு கண்டுபிடிச்சோம். ஒரு ஜவுளிக்கடை மாடியில இருந்துச்சு அந்தப் பெட்டி.

சித்தப்பாகிட்ட சொல்லி இன்னைக்கே சுவிட்சை அணைக்கச் சொல்லுங்க தம்பி.

ரவுட்டர்ல மாட்டுற ஆண்டெனா வேற, இது வேற. அது எதையும் பெருக்காது, இருக்குற சிக்னலை ஒரு திசையில இருந்து அள்ளிக் கொடுக்கும். அதுல ஒரு தப்பும் இல்ல.


#12 ஊர்க்குருவி
மார்ச் 13, மதியம் 12:48

தெரியாமல் சொல்லிவிட்டேன் அண்ணா. சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், அணைத்துவிட்டார்.


#13 யாழ்வாசி
மார்ச் 13, இரவு 7:30

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டிலயும் இதே பிரச்சினைதான் இருந்தது. இஞ்ச டயலொக் எண்ட கம்பனியிட வீட்டு இணையம் 2300இல, அதே பேண்ட் 40 தான். வீட்டைச் சுத்திப் பனையும் தென்னையும் நிறைய.

டீச்சர் ஆண்டெனா வாங்கினால் ஒரு விசயத்தில கவனமா இருங்கோ. நான் கூரையில ஆண்டெனாவை வைச்சு, 15 மீற்றர் மெல்லிய கறுப்பு வயரில ரவுட்டரைக் கீழே ஹோலில வைச்சனான். ஒரு முன்னேற்றமும் இல்லை. பிறகுதான் விளங்கினது, அந்த ஆர்ஜி58 வயர் இந்த அலைவரிசையில மீற்றருக்கு ஒரு டெசிபல் அளவு விழுங்கிப்போடும். ஆண்டெனா தாற பத்து டெசிபலையும் வயரே திண்டு முடிச்சிட்டுது. எல்எம்ஆர்400 எண்ட தடிப்பான வயரெண்டால் மீற்றருக்குக் கால் டெசிபலுக்கும் குறைவுதான், ஆனால் விலை கூட, வளைக்கவும் ஏலாது.

கடைசியில ரவுட்டரையே மேல கொண்டுபோய் வைச்சு, லான் கேபிளைக் கீழ இறக்கினேன். லான் கேபிள் நூறு மீற்றர் வரைக்கும் ஒண்டும் குறையாமல் கொண்டுவரும். அதுக்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை.


#14 கோபுரவேலை
மார்ச் 14, காலை 6:15

யாழ்வாசி சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல, அப்படியே செய்யுங்க டீச்சர். மாடிப்படி ரூம்ல ரவுட்டர், வெளிச் சுவர்ல ஆண்டெனா, நடுவுல வயர் மூணு மீட்டருக்கு மேல வேண்டாம்.

ஆண்டெனா ரெண்டு மாட்டணும். 4ஜி ரெண்டு வழியா ஒரே நேரத்துல பேசும், ஒண்ணு மாட்டுனா பாதி போச்சு. டவர்ல நாங்க கட்டுற ஆண்டெனா உள்ள கம்பிகள் ஒண்ணு 45 டிகிரி இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் சாஞ்சிருக்கும். நீங்களும் அதே மாதிரி பெருக்கல் குறி போட்டாப்புல சாச்சு வைங்க. திருப்பி வைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் பொறுத்து எஸ்ஐஎன்ஆரைப் பாருங்க. ஆர்எஸ்ஆர்பி கூடுற திசையை விட எஸ்ஐஎன்ஆர் கூடுற திசைதான் நமக்கு வேணும்.

செங்கோட்டைக் கணவாய்க் காத்து உங்களுக்கே தெரியும். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, ஆண்டெனா எம்மாத்திரம். ஜிஐ பைப்ல ரெண்டு கிளாம்ப் போடுங்க, ஒண்ணு பத்தாது. வயர் உள்ள நுழையுற இடத்துல கீழ தொங்குற மாதிரி ஒரு வளைவு விட்டு அப்புறம் ஓட்டைக்குள்ள விடுங்க, சாரல் தண்ணி வயர் வழியா உள்ள வராது. பைப்புக்கு எர்த் கொடுங்க. இடி வர்றதுக்கு முன்னாலயே ஆண்டெனா வயரை ரவுட்டர்ல இருந்து கழட்டிடுங்க, அதுல சோம்பல் படாதீங்க.


#15 வலைக்கயிறு
மார்ச் 14, காலை 9:40

கீழே ஹாலில் வைஃபை வர, சென்னையில் பயன்படுத்திய பழைய ஃபைபர் ரவுட்டர் கையில் இருந்தால் போதும், புதிது வேண்டாம். அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், அதன் முகவரியை மேலே உள்ள ரவுட்டர் முகவரியோடு மோதாதபடி மாற்றுங்கள், கேபிளை வான் போர்ட்டில் அல்லாமல் லான் போர்ட்டில் சொருகுங்கள். வகுப்பு எடுக்கும் லேப்டாப்பை வைஃபையில் விடாமல் கேபிளிலேயே மாட்டிவிடுங்கள்.

கரண்ட் போனால்? இரண்டு ரவுட்டருக்கும் ஒவ்வொரு மினி யுபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ரவுட்டர் அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கணும். 12 வோல்ட் கேட்கும் ரவுட்டருக்கு 9 வோல்ட் யுபிஎஸ் ஆகாது.


#16 மலையடிவாரம்
மே 3, மாலை 5:15

இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். தேர்வு, அம்மாவின் பிசியோதெரபி என்று நேரம் போய்விட்டது. நடந்ததைச் சொல்ல வேண்டும், இனி தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

அம்மா சிம் கம்பெனியிலேயே புது சிம் எடுத்தேன். கேட் 6 ரவுட்டர் ஒன்று, ஏற்கெனவே ஒருவர் ஒரு வருடம் பயன்படுத்தியது, 5400 ரூபாய்க்குக் கிடைத்தது. பணம் கொடுக்கும் முன்பே என் சிம், அம்மா சிம் இரண்டையும் போட்டுப் பார்த்து, பூட்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். முதல் வாரம் ஆண்டெனா இல்லாமல் மாடிப்படி அறை ஜன்னலில் மட்டும் வைத்தேன். இரவு எட்டு மணிக்கு டவுன்லோட் 14, அப்லோட் 5. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

பிறகு இரண்டு ஆண்டெனாவும் மூன்று மீட்டர் வயரும் வாங்கி எலக்ட்ரீஷியன் தம்பியோடு மாட்டினேன். அவன் பைப்பைத் திருப்ப, நான் உள்ளே நம்பரைச் சத்தமாகப் படிக்க, முக்கால் மணி நேரம் ஆனது. சுவாரசியம் என்னவென்றால், கண்ணுக்குத் தெரிகிற டவரைப் பார்த்துத் திருப்பினால் எஸ்ஐஎன்ஆர் 12. அதில் இருந்து வலது பக்கம் ஒரு முழம் நகர்த்தி, தென்னந்தோப்பின் இடைவெளியைப் பார்த்துத் திருப்பினதும் 19க்கு ஏறியது. அந்தத் திசையில் எந்த டவரும் தெரியவில்லை! சிம் பேசிக்கொண்டிருந்தது வேறு டவரோடாம். இப்போது இரவு எட்டு மணிக்கு டவுன்லோட் 26, அப்லோட் 11.

ஒரு சிக்கல் வந்தது. ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு மேல் இணையம் தானாக அறுந்துபோனது. சிம்மா, டவரா என்று இரண்டு நாள் குழம்பினேன். மூன்றாம் நாள் ரவுட்டரைத் தொட்டால் தோசைக்கல். மாடிப்படி அறைக்குத் தகரக் கூரை, அந்தச் சூட்டில் ஜன்னல் மேல் வைத்திருந்தேன். வடக்குச் சுவரில் தரையில் இருந்து ஒரு அடி உயரத்தில் பலகை அடித்து, ரவுட்டரைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தேன். அதன்பின் அறுபடவில்லை. மேலே வைக்கச் சொல்கிறவர்கள் இதையும் சொல்லிவிடுங்கள்.

திருநெல்வேலிக்குப் போகும்போது வழிப்போக்கன் சார் சொன்னபடி போனை யுஎஸ்பியில் மாட்டித்தான் எடுக்கிறேன். அங்கே என் பழைய சிம் நன்றாகவே ஓடுகிறது. அதனால் அதை விடவில்லை.

பாதிக் கணக்கு அனுப்பிய பையன் கணக்குத் தேர்வு நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னான். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம்.


#17 கோபுரவேலை
மே 3, இரவு 8:02

ரொம்ப சந்தோசம் டீச்சர். வெயிலு விஷயம் எனக்குத் தோணாமப் போச்சு, நல்லவேளை எழுதுனீங்க. ஜூன் பிறந்து சாரல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை அந்த கிளாம்ப் ரெண்டையும் இறுக்கிடுங்க. எஸ்எம்ஏ முனையில சுய ஒட்டு ரப்பர் டேப்பைச் சுத்தி விடுங்க, இன்சுலேஷன் டேப் வெயில்ல உரிஞ்சிரும்.


#18 பள்ளத்தாக்கு
மே 4, காலை 7:44

வணக்கம். முழு இழையையும் படித்தேன். நான் கம்பம் பக்கம், திராட்சைத் தோட்டத்துக்குள் வீடு. எங்களுக்கும் மேற்கே மலைதான். டீச்சர் வாங்கின அதே ரவுட்டரை நானும் வாங்கிவிடலாமா?


#19 மலையடிவாரம்
மே 4, காலை 8:10

வாங்காதீர்கள் சார், முதலில் அளந்துவிடுங்கள். காலை ஆறு மணி, இரவு எட்டு மணி, நான்கு இடம், கிடைக்கிற எல்லா சிம்மும். நம்பரை இங்கே போடுங்கள், அண்ணாச்சியும் நானும் பார்க்கிறோம்.